டேண்டி மாடல் 100: உள் பேட்டரியைக் கழற்றினால் அப்பாவின் மழைக்கணக்கு போய்விடுமா?

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 2, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பெய்த மழையில் எங்கள் பின்னறை ஓடு ஒழுகியது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிகளை அவசரமாக இழுத்து வெளியே போட்டபோது, அப்பாவின் பழைய கம்பளிக்குள் சுற்றி வைத்த ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது. டேண்டி டிஆர்எஸ்-80 மாடல் 100. மடக்குகிற லேப்டாப் இல்லை. பெரிய நோட்டுப் புத்தகம் அளவு, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை, கீபோர்டுக்கு மேலே எட்டு வரி காட்டும் ஒரு சின்னத் திரை. அவ்வளவுதான்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எஸ்டேட் துரை ஒருவர் 1984இல் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து, இரண்டு வருடம் கழித்து ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன சாமான் இது. 1997 வரை தினமும் கொழுந்து எடையும் மழைமானி அளவும் இதில்தான் ஏற்றினார். மழையை மில்லிமீட்டரில் சொன்னால் இன்றைக்கும் அவருக்குப் பிடிக்காது. இன்ச், சென்ட் (ஒரு இன்ச்சில் நூறில் ஒரு பங்கு) என்றுதான் சொல்வார்.

நான்கு பென்சில் செல் போட்டுப் பார்த்தேன். உயிரே இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன், "காயலான் கடையில் போடுங்க சார்" என்றார்கள். பிறகு உள்ளேயும் ஒரு பேட்டரி இருக்கும், அதை மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கணக்கு அழிந்துவிடுமா? அந்தப் பயத்தில் இன்னும் ஒரு ஸ்க்ரூகூடத் தொடவில்லை.

கூடலூர்க்காரன் | நவம்பர் 2, இரவு 9.32

காயலான் கடை என்று சொன்ன வாயில் ஒரு டீ ஊற்றுங்கள், சூடாக.

போட்டோ போடுங்கள் சார். இந்த மெஷினை நான் நேரில் பார்த்ததே இல்லை.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 2, இரவு 10.15

தம்பி, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே கணக்கு எதுவும் இருக்காது.

இந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பிளாப்பியும் கிடையாது. எழுதுவதெல்லாம் ரேமில், அதாவது மின்சாரம் இருக்கிறவரை மட்டும் நிற்கும் நினைவகத்தில் நிற்கும். அணைத்து வைத்தாலும் ரேமுக்குத் துளி மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பென்சில் செல் இருக்கிறவரை அதிலிருந்து போகும். அது தீர்ந்தாலோ கழற்றினாலோ, போர்டில் சால்டர் செய்து வைத்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி தாங்கிப் பிடிக்கும். புது மெஷினிலேயே அது 32 கே ரேமை எட்டு நாள், 8 கே ரேமை ஒரு மாதம் தாங்கும் என்றுதான் கணக்கு. உங்கள் பெட்டி தூங்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகவே பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. அந்தக் காட்மியம் பேட்டரி கசியும். கசியாத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை, அதுவும் நம் ஊர் ஈரத்தில். கசிவது பேட்டரியோடு நிற்காது. செம்புக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். எந்தப் புது பேட்டரி போடுவது என்ற விவாதத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். பழையதை இன்றைக்கு ராத்திரியே வெளியே எடுங்கள்.

பென்சில் செல்களை முதலில் கழற்றிவிடுங்கள். அடியில் நான்கு ஸ்க்ரூ. அதைக் கழற்றியதும் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கும் ஒயர்கள் உள்ளே இருக்கின்றன. புத்தகம் திறக்கிற மாதிரி மெதுவாகத் திறந்து, எது எங்கே செருகியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். பேட்டரியில் பிளஸ் எந்தப் பக்கம் என்பதற்குத் தனியாக ஒரு படம். நாளைக்கு அந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 3, இரவு 8.05

திறந்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது அண்ணா. பேட்டரி ஒரு சின்ன உருளை, நீல நிற உறை. ஒரு முனையில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. பக்கத்தில் ஒரு மாமிசக் கடை போர்டு நிறத்தில் பச்சை. (தப்பாகச் சொல்லவில்லை, எங்கள் தெருவில் அந்தக் கடை போர்டு இந்த நிறம்தான்.) இரண்டு மூன்று கோடுகள் கறுத்துவிட்டன.

பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டேன். கால்கள் போர்டிலேயே இருக்கின்றன, சால்டர் உருகவே மாட்டேன் என்கிறது. கசிந்த ஆசிட்டைச் சுத்தம் செய்யச் சமையல் சோடா கரைத்து வைத்திருக்கிறேன். அதை ஊற்றிவிட்டுத் திரும்பவும் முயற்சி செய்யலாமா?

கொடைக்கானல்_டீச்சர் | நவம்பர் 3, இரவு 8.11

நிறுத்துங்கள்! சோடா வேண்டாம். கசிந்தது ஆசிட் இல்லை.

கார் பேட்டரிக்கு உள்ளே இருப்பது கந்தக அமிலம், அதற்குத்தான் சோடா. நிக்கல்-காட்மியத்துக்கு உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அதன்மேல் சோடாவை ஊற்றினால் காரத்தோடு காரம் கூட்டாளி சேரும், ஒரு வேலையும் நடக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடா வருடம் சொல்கிறேன். பேட்டரி என்றாலே ஆசிட் என்று மனதில் பதிந்துவிடுகிறது, என்ன செய்வது.

வெளியே வந்த காரம் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பூ அது. பச்சை, செம்பு அரித்ததால் வந்தது. இதற்கு மென்மையான அமிலம் வேண்டும். வெள்ளை வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு வடிகட்டியது. காதுக்குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு வையுங்கள், போர்டை அதில் முக்காதீர்கள். நுரை வரும். நுரை நின்றதும் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை. நுரையே வராதபோது டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, கடைசியாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். வினிகர் மிச்சம் இருந்தால் அதுவும் அரிக்கும், அதனால் கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் வீட்டில் கிடக்கும், அதைத் தொடாதீர்கள். அதில் கிளிசரின் கலந்திருக்கும், காயவே காயாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைத் தூளை ஊதாதீர்கள்.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 3, இரவு 8.40

டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சால்டர் உருகாததற்கு மட்டும் நான் சொல்கிறேன். அரித்த சால்டர்மேல் சூடு ஏறாது. முதலில் அதன்மேல் கொஞ்சம் புது சால்டரும் ஃபிளக்ஸும் (சால்டர் பிடிக்க உதவும் பசை) வையுங்கள். புதுசு உருகும்போது பழசையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு காலாக இடுக்கியால் எடுங்கள். இழுத்தால் வராவிட்டால் விட்டுவிடுங்கள், செம்புக் கோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும்.

இன்னொன்று. ராத்திரி ஏழு மணிக்குமேல் எஸ்டேட் பக்கம் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? எங்கள் தெருவில் குறையும்போது 25 வாட் அயர்ன் வெறும் கம்பிதான். பகலில் செய்து பாருங்கள்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 4, பகல் 12.20

பகலில் செய்தேன், கால்கள் வந்துவிட்டன. வினிகர் தொட்டதும் சோடா பாட்டில் மாதிரி நுரைத்தது, டீச்சர். நான்கு தடவைக்குப் பிறகு அடங்கியது. கறுத்த கோடுகளில் ஒன்று அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரில் தொடர்பு காட்டவில்லை. பக்கத்தில் மெல்லிய ஒயர் ஒன்று இழுத்து இணைத்துவிட்டேன். போர்டு இப்போது பீரோவுக்குள், 15 வாட் பல்புக்குக் கீழே காய்கிறது. கேமரா லென்சுக்குப் பூசணம் பிடிக்காமல் இருக்க அப்பா வைத்த பல்பு அது.

சரி, இப்போது எந்த பேட்டரி வாங்குவது?

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 4, மாலை 6.45

சென்னையிலிருந்து. கசிகிற சாமானே வேண்டாம் என்பது என் கட்சி. சிஆர்2032 நாணய செல், அதற்கு ஒரு ஹோல்டர், ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சாமான்). ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்தது. தீர்ந்தால் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், சால்டரிங்கே வேண்டாம்.

டயோடு கண்டிப்பாக வேண்டும். இந்த மெஷின் உள் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத லித்தியம் செல். டயோடு இல்லாமல் வைத்தால் அது வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 4, இரவு 9.02

ரிச்சிதெரு தம்பி, டயோடு விஷயம் நூற்றுக்கு நூறு. அதைச் சொல்லாமல் நாணய செல் போடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

பழைய பேட்டரி 50 எம்ஏஎச், அதாவது 50 மில்லி ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் அளவு. 32 கே ரேமை எட்டு நாள், அதாவது 192 மணி நேரம் தாங்கியது. 50ஐ 192ஆல் வகுத்தால் சுமார் கால் மில்லி ஆம்பியர். சிஆர்2032 கிட்டத்தட்ட 220 எம்ஏஎச். அதைக் கால் மில்லி ஆம்பியரால் வகுத்தால் 850 மணி நேரம் சொச்சம். முப்பத்தைந்து நாள். அந்த செல்லின் மொத்த ஆயுளே அவ்வளவுதான். பென்சில் செல் உள்ளே இருக்கிறவரை அது தப்பிக்கும். பென்சில் செல் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஒரு மாதம் விட்டீர்களென்றால் முடிந்தது. இப்போதைய பிசி போர்டில் நாணய செல் வருடக்கணக்கில் வருவது, அங்கே அது கடிகாரத்துக்கும் கொஞ்சம் செட்டிங்குக்கும் மட்டும்தான் சோறு போடுகிறது என்பதால். இங்கே மொத்த வீட்டுக்கும் போட வேண்டும்.

டயோடிலும் கொஞ்சம் வோல்டேஜ் போய்விடும். 3 வோல்ட்டில் அரை வோல்ட் கழிந்தால் 2.5. ரேம் 2 வோல்ட் வரை பிடித்துக்கொள்ளும் என்றாலும், செல் கொஞ்சம் இறங்கியதுமே ஓரத்துக்கு வந்துவிடுகிறோம்.

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 4, இரவு 9.20

அட. வகுத்துப் பார்க்கவே இல்லை. என் மெஷினில் இரண்டு வருடமாக நாணய செல்தான் இருக்கிறது, பென்சில் செல் எப்போதும் உள்ளே இருப்பதால் தெரியாமலே போயிருக்கிறது. நாணய செல் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஐம்பது ரூபாயை வாங்க மாட்டேன்.

அப்படியானால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா? அதுவும் கசியுமே. உள்ளே இருப்பது அதே காரம்தான்.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 4, இரவு 9.48

கசியும். அதனால்தான் போர்டில் உட்கார வைக்கக் கூடாது என்கிறேன். பழைய பிசி மதர்போர்டுகளுக்கு என்று 3.6 வோல்ட், 80 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் விற்கிறார்கள், மூன்று செல் ஒன்றாக ஒட்டி. மூன்று தரம் 1.2, 3.6 சரியாக வந்துவிடும். மெஷினின் சார்ஜிங்கும் அதற்கு ஒத்துப்போகும். அதன் கால்களில் ஒரு விரல் நீளத்துக்கு ஒயர் வைத்து, பேக்கை பிளாஸ்டிக் உறை போட்டு, போர்டைவிட்டுத் தள்ளி காலி மூலையில் ஒட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கசிந்தால் உறைக்குள் கசியட்டும், அந்த மூலையைத் துடைத்தால் போதும்.

80 எம்ஏஎச் என்றால் பன்னிரண்டு நாள் தாங்கும். இந்த வகை செல் சும்மா இருந்தாலே தானாக இறங்கும் என்று குறை சொல்வார்கள். அது வெயிலில் வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக. கோத்தகிரிக்கு அந்தக் குறை பாதிதான். சென்னைக்கு, பாவம், முழுசு.

எல்ஐஆர்2032 என்று சார்ஜ் ஆகும் நாணய செல் ஒன்றும் கடையில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். லித்தியம் அயனுக்குத் தனி சார்ஜிங் முறை வேண்டும், இந்த மெஷினுக்கு அது தெரியாது.

கூடலூர்க்காரன் | நவம்பர் 4, இரவு 10.05

எதுவுமே போடாவிட்டால்?

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 4, இரவு 10.12

ஓடும். பென்சில் செல்லே ரேமையும் தாங்கும். செல் மாற்றும்போது மட்டும் அடாப்டரைச் செருகி வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் அலமாரியில் அழகுக்கு வைப்பவர்களுக்கு அதுதான் நல்லது.

அடாப்டர் என்றதும் ஞாபகம் வந்தது. இந்த மெஷினுக்கு 6 வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். இன்றைக்கு வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு ஊசி பாசிட்டிவ். முனை பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். அடாப்டர்மேல் வட்டமும் புள்ளியும் போட்ட சின்னப் படம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கொடைக்கானல்_டீச்சர் | நவம்பர் 5, காலை 6.30

வெட்டி எடுத்த பழைய பேட்டரியை என்ன செய்தீர்கள்? காட்மியம் நஞ்சு. குப்பையோடு எரிக்கவும் வேண்டாம், ஓடையில் வீசவும் வேண்டாம். நம் மலையில் விழுவது கீழே இருக்கிறவர்கள் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரும். மூடியுள்ள பாட்டிலில் போட்டு வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 5, காலை 7.15

ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேலே "தொடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன் டீச்சர். மனைவி அதற்கு மேல் "ஊறுகாய் இல்லை" என்றும் எழுதியிருக்கிறாள்.

நாளை கோவை போகிறேன்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 8, இரவு 7.50

நல்ல செய்தி இல்லை.

80 எம்ஏஎச் பேக் கிடைத்தது. ஒயர் வைத்து, போட்டோவைப் பார்த்துப் பிளஸ் மைனஸ் சரிபார்த்து (முதலில் மாற்றித்தான் பிடித்திருந்தேன், அண்ணா சொன்ன படம் காப்பாற்றியது) சால்டர் செய்துவிட்டேன். மல்டிமீட்டரில் பேக் 3.7 வோல்ட். நான்கு புது பென்சில் செல், மொத்தம் 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மூடினேன். ஆன் செய்தேன். ஒன்றுமே இல்லை. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

இரண்டு மணி நேரமாக முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வேறு மழை.

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 8, இரவு 8.02

பக்கவாட்டில் திரை எழுத்தின் கருமையைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கும். அதை முழுக்கத் திருப்பிப் பார்த்தீர்களா? குறைத்து வைத்திருந்தால் ஓடினாலும் தெரியாது.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 8, இரவு 8.10

திருப்பிவிட்டேன். இல்லை.

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 8, இரவு 8.25

அப்படியானால் பவர் பகுதியில் இருக்கும் கெப்பாசிட்டர்கள். இந்த மெஷினில் அதுவும் பிரபலமான நோய். சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு அடியில் ஈரம், மீன் நாற்றம் இருக்கிறதா பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் செய்த சாமான், மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 8, இரவு 8.50

மாற்றலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் 6 வோல்ட் போர்டுக்கு வருகிறதா, அங்கிருந்து 5 வோல்ட் உருவாகிறதா என்று பாருங்கள். அறுந்த கோட்டுக்குப் போட்ட ஒயர் பக்கத்துக் காலில் இடிக்கிறதா? நாளை பகல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ராத்திரியில் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் அந்த இணைப்பு ஒயர்தான் அறும்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 8, இரவு 9.31

எல்லோரும் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பா கஞ்சி குடிக்க எழுந்து வந்தார். "என்னடா, இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழறே" என்றார். மெஷினைக் கையில் வாங்கினார், கவிழ்த்தார், அடியில் ஒரு பள்ளத்துக்குள் இருந்த சின்ன ஸ்விட்சை நகத்தால் நகர்த்தினார், திருப்பி வைத்தார். ஆன் செய்தார்.

"பீப்" என்றது.

மெமரி பவர் ஸ்விட்சாம். தொழிற்சாலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் வந்தபோது, "இனிமே இது சும்மாதானே இருக்கும், எதுக்கு பேட்டரி வீணாகணும்" என்று அவரே 1997இல் அணைத்து வைத்தாராம். அந்த ஸ்விட்ச் அணைந்திருந்தால் மெஷின் ஆன் ஆகாது. முதல் நாள் அவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 8, இரவு 9.33

ஆறு நாள். மூன்று ஊர். ஒரு நகம்.

குன்னூர்_சால்டரிங் | நவம்பர் 8, இரவு 9.55

தப்பு என்னுடையது. இந்த மெஷின் யார் கொண்டு வந்தாலும் முதலில் கவிழ்த்து அந்த ஸ்விட்சைப் பார் என்று கடையில் பையனுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கசிவைப் பற்றிய பதற்றத்தில் மறந்துவிட்டேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: அன்றைக்கே ஓடியிருந்தால் நீங்கள் உள்ளே திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள், அந்தக் காரம் அடுத்த கோட்டையும் தின்றிருக்கும்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது?

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 8, இரவு 10.04

ஜனவரி 1, 1900. மைக்ரோசாஃப்ட் பெயர். பேசிக், டெக்ஸ்ட் என்று ஐந்து பெயர்கள். கீழே 29638 பைட் காலி.

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 8, இரவு 10.10

29638 என்றால் முழு 32 கே. துரை காசு பார்க்காமல் வாங்கியிருக்கிறார்.

தேதியைச் சரி செய்யும்போது மனம் தளராதீர்கள். வருடத்தில் கடைசி இரண்டு இலக்கம்தான் கொடுக்க முடியும், முன்னால் இருக்கும் 19 உள்ளேயே எழுதி வைத்தது. 25 என்று போட்டால் 1925 என்றுதான் காட்டும்.

பில் கேட்ஸ் தன் கையால் நிறைய நிரல் எழுதிய கடைசி மெஷின் இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த 19ஐ அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 9, காலை 10.40

அப்பா 1925ஐப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அப்போ வெள்ளைக்காரன் சம்பளம் தருவான்" என்றார்.

கணக்கைப் பற்றி ராத்திரி கேட்டேன். "மெமரியில எவன்டா கணக்கு வைப்பான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மாதம் முடிந்ததும் கேசட்டில் ஏற்றிவிடுவாராம். எங்கே என்று கேட்டால் மேல் தட்டில் இருந்த பிஸ்கட் டின்னைக் காட்டினார். மூன்று கேசட், மெஷினோடு வந்த கேசட் ஒயரும் அதிலேயே. ஒரு முனை வட்டமாக எட்டு ஊசி, மறுமுனையில் மூன்று பின். இரண்டு கேசட் நன்றாக இருக்கின்றன. மூன்றாவதின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள்.

டேப் ரெக்கார்டர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது, பாடுகிறது. நேராகப் போட்டுவிடலாமா?

வத்தலக்குண்டு_கேசட் | நவம்பர் 9, பகல் 1.15

போடாதீங்க! கேசட் என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். 1982இலிருந்து பதினாறு வருடம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். கொடைக்கானலில் இருந்து பூசணம் பிடித்த கேசட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். மலைக் கேசட்டின் வியாதி எனக்குத் தெரியும்.

வெள்ளைப் புள்ளி பூசணம். அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதனால் நல்ல இரண்டை முதலில் முடியுங்கள், மூன்றாவதைத் தனியாகப் பையில் போட்டு வையுங்கள்.

நல்லதிலும் அவசரம் கூடாது. கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். இருக்கிறதா பாருங்கள். பிறகு ஆறு பட்டைப் பென்சிலைச் செருகிக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள். சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மோட்டார் இழுக்கும்போது அறும், கைக்கு மட்டும்தான் அது தெரியும். ஹெட்டை ஐசோப்ரோப்பைலால் துடையுங்கள்.

அடுத்தது முக்கியம். கம்ப்யூட்டரில் நேராக ஏற்றாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே டேப்பின் சத்தத்தை லேப்டாப்பில் பதிந்துகொள்ளுங்கள். பழைய டேப் முதல் தடவைதான் நன்றாகப் பாடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொட்டும். பதிந்துவிட்டால் பிறகு நூறு தடவை அந்தப் பதிவைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் காட்டலாம், டேப் தூங்கட்டும்.

ரிச்சிதெரு_வாசி | நவம்பர் 9, பகல் 1.40

இவரைப் போல் ஒருவர் இந்தப் பக்கத்தில் இத்தனை நாள் எங்கே இருந்தார்.

லேப்டாப் பதிவை மாடல் 100இன் ஒயரில் இயர்போன் துளையில் செருகும் பின்னுக்குக் கொடுங்கள். டெக்ஸ்ட்டுக்குள் போய் எஃப்2 அழுத்தினால் ஏற்றச் சொல்லும். பாடலுக்கு வைக்கிற மாதிரி சத்தத்தை மெல்ல வைக்காதீர்கள், முக்கால் பங்கு வேண்டும். லேப்டாப்பில் பாஸ், ட்ரெபிள் என்று சத்தத்தை அழகாக்கும் எதையும் அணைத்துவிடுங்கள்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 9, மாலை 5.20

விளையாட்டு இல்லாமல் ஒன்று கேட்கட்டுமா. 1993 நவம்பர் அதில் இருக்கிறதா? மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் மரப்பாலத்தில் மலை சரிந்த மாதம். எங்கள் சித்தப்பா அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு, ரோடு இல்லாமல் நாள்கணக்கில் வீடு வந்து சேரவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெய்தது என்று ஒருவர் கையால் எழுதி வைத்திருந்தால் பார்க்க ஆசை.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 9, மாலை 6.00

அப்பாவைக் கேட்டேன். "இருக்கும். அன்னைக்கு மழைமானி நிரம்பி வழிஞ்சது, ரெண்டு தரம் கொட்டி அளந்தேன்" என்றார்.

கோத்தகிரி_ஓட்டுவீடு | நவம்பர் 14, இரவு 8.30

வேலை நடுவில் தாமதம், மன்னிக்கவும்.

பேட்டரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு நாள் அடாப்டரில் சார்ஜ் ஆகவிட்டேன். பிறகு ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைத்து, அடாப்டரையும் பென்சில் செல்லையும் எடுத்துவிட்டு இரண்டு முழு நாள் விட்டேன். இன்று காலை செல் போட்டு ஆன் செய்தால் குறிப்பு அப்படியே இருக்கிறது, கடிகாரமும் சரியாக ஓடுகிறது.

கேசட். முதல் கேசட்டில் தொடர்ந்து தோல்வி. அசிமுத் ஸ்க்ரூவை (டேப் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது) கொஞ்சம் திருப்பச் சொல்லி வத்தலக்குண்டு அண்ணா தனிச்செய்தியில் சொன்னார், டேப்பின் கீச்சுச் சத்தம் கூர்மையாகும்வரை. திருப்பினேன், திரும்பப் பதிந்தேன். அதற்குப் பிறகு மெஷினின் ஸ்பீக்கரிலேயே அந்தக் கீச்சு கேட்டது, திரையில் கோப்பின் பெயர் வந்தது. பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை என்பதால் அப்பா மாதமும் வருடமும் மட்டும் வைத்திருக்கிறார். முதலில் வந்தது 1989 ஜூன்.

நாள், கொழுந்து கிலோ, இன்ச், சென்ட். நான்கு பத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிலோ காலி, மழை மட்டும் இருக்கிறது. அப்பா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு முப்பது வரியும் படித்தார். பதினேழாம் தேதியில் விரலை வைத்து, "இது தப்பு, மறுநாள் சரி பண்ணணும்னு நினைச்சேன், விட்டுட்டேன்" என்றார். அங்கேயே திருத்தினார். மெஷினுக்கு இன்னும் 1925தான்.

இரண்டாவது கேசட்டில் 1991, 1992 முழுசாக வந்துவிட்டது. 1993 அதில் அக்டோபரோடு நிற்கிறது. நவம்பர் மூன்றாவது கேசட்டின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், பூசணம் பிடித்ததில்.

வத்தலக்குண்டு அண்ணா, அதை என்னால் தொட முடியாது, கை நடுங்குகிறது. கூரியரில் அனுப்பட்டுமா?

வத்தலக்குண்டு_கேசட் | நவம்பர் 14, இரவு 8.52

கூரியர் வேண்டாம், யார் கையில் எந்தக் காந்தத்தின் பக்கத்தில் கிடக்கும் என்று தெரியாது. நீங்களே எடுத்து வாருங்கள். அதுவரை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், அந்த பல்புக்குக் கீழே வேண்டாம், டேப்புக்கு அந்தச் சூடு ஆகாது. என்னிடம் ஐந்து ஸ்க்ரூ வைத்த காலிக் கூடு இருக்கிறது, சுருளை அதற்கு மாற்றி, ஓரத்தை உலர்ந்த துணியில் துடைத்துத் துடைத்துச் சுற்றினால் ஒரு நாள் வேலை.

பஸ்ஸில் வந்தால் இன்ஜின் பக்கத்து சீட் வேண்டாம். அப்பாவையும் கூட்டி வாருங்கள். வழிந்ததை இரண்டு தரம் அளந்தவருக்குத்தான் எந்த வரி சரி என்று தெரியும்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 14, இரவு 9.05

எந்தக் கிழமை போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கோவையில் நானும் ஏறிக்கொள்கிறேன்.